எண்ணப்படாத பயணிகள்

தெற்குத் தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரத்துக்குப் பேருந்துகளுக்கென்று தனித்தடம் ஒன்று இருந்தது. 2008 ஏப்ரலில் அதில் சோதனை ஓட்டம் தொடங்கியது. தில்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் போயிருக்க வேண்டிய தடம் அது; பாதி தூரத்தைக்கூட எட்டவில்லை. 2016 ஜனவரியில் அதையும் இடிக்க ஆரம்பித்தார்கள். இடித்த கையோடு ஒரு பாடமும் பரவியது: ஐஐடி வல்லுநர்கள் மேசையில் உட்கார்ந்து வரைந்த திட்டம், பயன்படுத்துகிற மக்களை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இந்தப் பாடம் தில்லியின் அரசு அலுவலகங்களில் மட்டுமல்ல, குருகிராமிலும் நொய்டாவிலும் செயலி தயாரிக்கிற நிறுவனங்களிலும் இன்று வேதவாக்குப் போல ஓதப்படுகிறது. எதையும் செய்வதற்கு முன் பயனாளரைப் போய்க் கேள். தாமதிக்காதே, திட்டம் தீட்டி நாளைக் கடத்தாதே, தரவு வந்தால் அதுவே பேசும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். தில்லியின் அந்தத் தடமே அந்த நம்பிக்கைக்கு எதிரான மிக வலுவான சாட்சி. ஏனென்றால் அங்கே மக்களைக் கேட்டார்கள். பலமுறை கேட்டார்கள். கேட்கப் புறப்படுவதற்கு முன் தீர்மானித்திருக்க வேண்டியதைத்தான் ஒழுங்காகத் தீர்மானிக்கவில்லை.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். தடம் திறந்த சில வாரங்களிலேயே அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அங்கே கருத்துக் கணிப்பு நடத்தியது. தனித்தடம் தொடர வேண்டும் என்றே கேட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். அதே வாரங்களில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் நெரிசலில் நின்ற கார்களைக் காட்டி, மக்கள் கொதிக்கிறார்கள் என்றன. பிறகு 'நியாய பூமி' என்ற தன்னார்வ அமைப்பு இந்தத் தடத்தை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கின் ஊடே, மதுரா சாலையில் இருக்கிற மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வில் இறங்கியது. 2012 மே மாதம் பேருந்துத் தடத்தை எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிட்டுச் சோதித்தார்கள். வண்டிகளை எண்ணினார்கள், வேகத்தை அளந்தார்கள், சாலையில் போகிறவர்களின் கருத்தையும் கேட்டார்கள். ஜூலையில் அறிக்கை வந்தது: தனித்தடம் இல்லாமல் இருப்பதே மேல். அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று உயர் நீதிமன்றம் அந்தப் பரிந்துரையின் வழியே போகாமல் மனுவைத் தள்ளுபடி செய்து, தடம் இருக்கட்டும் என்றது. ஒரே சாலை, ஒரே பயணிகள். ஆனால் ஓர் ஆய்வு வேண்டும் என்றது, இன்னொன்று வேண்டாம் என்றது, நீதிமன்றம் வேறொரு நியாயத்தை எடுத்துப் பேசியது. தரவு தானே பேசும் என்பது உண்மையானால் இத்தனை குரலில் அது எப்படிப் பேசியது?

விடை களத்தில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. அந்தத் தடம் போன வழியில், சிராக் தில்லி சந்திப்பில் ஒரு சிக்னலை மனதில் நிறுத்திப் பாருங்கள். பேருந்துத் தடத்தில் ஒரே ஒரு பேருந்து நிற்கிறது. அதில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தடங்களில் நாற்பது கார்கள், பெரும்பாலானவற்றில் ஓட்டுகிறவர் மட்டும், சிலவற்றில் இருவர். வண்டிகளை எண்ணினால் நாற்பதுக்கு ஒன்று. அந்த ஒன்றுக்காக ஒரு தடத்தையே ஒதுக்குவது பித்துக்குளித்தனமாகத்தான் படும். தலைகளை எண்ணினால் கணக்கு அப்படியே புரண்டுவிடும். சராசரித் தாமதத்தை வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது பேருந்தில் நிற்கிற அறுபது பேரும் ஒரு வண்டியாகச் சுருங்கிவிடுகிறார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணியது சரி, கூட்டியது சரி, வகுத்தது சரி. எதை எண்ணுவது என்ற முடிவு மட்டும் கருவியைச் சாலையோரத்தில் வைப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இத்தனைக்கும் 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைகள் மனிதர்கள் போவதற்காக, வண்டிகள் போவதற்காக அல்ல என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. நாட்டின் கொள்கை ஏட்டில் மனிதர்கள் அலகு. சாலையோரத்து எண்ணிக்கையில் வண்டி அலகு. இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் போட்டு, நாம் யாரைப் பயனாளர் என்கிறோம் என்று கேட்க வேண்டியதுதான் ஆய்வுத் திட்டமிடலின் முதல் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. சைக்கிள் மட்டுமே வைத்திருந்த வீடுகளும் எதுவுமே இல்லாத வீடுகளும் அந்த நகரத்தில் ஏராளம். ஆனால் நகரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், படம் பிடிக்கிறவர்கள், வழக்குப் போடுகிறவர்கள், ஆய்வை வரைகிறவர்கள், அதன் அறிக்கையைப் படித்து முடிவெடுக்கிறவர்கள் என எல்லோரும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள்ளிருந்தே பெரும்பாலும் வருகிறார்கள். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. எந்த மனிதருக்கும் தான் நிற்கிற இடத்திலிருந்துதான் சாலை தெரியும். காரின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற பேருந்துத் தடம் வீணாகத்தான் தோன்றும். அது காலியாகக் கிடப்பதால்தான் பேருந்து வேகமாகப் போகிறது என்பது பேருந்துக்குள் நிற்கிறவருக்குத் தெரியும். சைக்கிளுக்கென்று தனிப்பாதை கிடைத்தவருக்கு, லாரிக்கும் நடைபாதைக்கும் இடையில் நசுங்காமல் வேலைக்குப் போவது என்றால் என்ன என்பது தெரியும். மூன்றும் உண்மைகளே. மூன்றையும் ஒரே சராசரியில் போட்டுக் கலக்கிவிட்டால் எந்த உண்மையும் மிஞ்சாது. எண்ணிக்கையில் அலகாக நின்ற தரப்பின் உண்மை மட்டும் மிஞ்சும்.

ஆகவேதான் ஆய்வைத் திட்டமிடுவது ஒரு குழுவின் வேலை என்கிறேன். ஒருவர் வரைந்து மற்றவர்கள் கையெழுத்திடும் வேலை அல்ல அது. குழு என்றதும் ஒரே படிப்புப் படித்த ஆறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து தலையாட்டுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். வேறு வேறு இடத்தில் நிற்கிறவர்கள் ஒருவர் அளவுகோலை மற்றவர் சோதிப்பதற்காகக் கூடுவதே குழு. இந்திய ஆய்வு மரபுக்கு இது புதிதும் அல்ல. புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பைக் கணக்கிட்டபோது, ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டு மாதிரிகளை எடுத்து, இரண்டு தனிக் களக்குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு கணக்கும் விலகினால், விலகிய அளவுக்கு எண்ணுகிறவர்களின் கோளாறு கணக்கில் கலந்திருக்கிறது என்று பொருள். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இந்த முறை இடம்பெற்றது. சணலை எண்ணவே எண்ணுகிறவரின் பிழையை முன்கூட்டி எதிர்பார்த்து இரட்டைக் குழு வைத்த நாடு இது. மனிதர்களின் தேவையை அளக்கும்போது மட்டும் ஒரு முகமையிடம் வேலையை ஒப்படைத்து, அறிக்கை வந்ததும் படித்துக்கொள்ளலாம் என்று இருப்பது அந்த மரபுக்குச் செய்கிற அவமரியாதை.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலும் இதே கதைதான். தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய 2014ஆம் ஆண்டில் ரைஸ் என்ற ஆய்வு நிறுவனம் பீகார், அரியானா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பயன்படுத்தத்தக்க கழிப்பறை இருக்கிற வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில், குறைந்தது ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். வழக்கமான கணக்கெடுப்புகளுக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் எளிமையானது: அவை வீட்டைக் கேட்டன. உங்கள் வீட்டில் கழிப்பறை வசதி உண்டா, வீட்டார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரே கேள்வி. பதில் சொல்பவர் வீட்டின் மானத்தையும் சேர்த்துத்தான் பதில் சொல்வார். ரைஸ் ஆய்வாளர்களோ வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, இவர் எங்கே போகிறார், அவர் எங்கே போகிறார் என்று கேட்டார்கள். பிற்பாடு இந்த இரண்டு விதக் கேள்விகளையும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துச் சோதித்தபோது, ஆளுக்கு ஆள் கேட்டதில்தான் திறந்தவெளிக் கணக்கு தெளிவாகக் கூடியிருந்தது. அதே கிராமம், அதே மக்கள், அதே மாதம். அலகு மாறியதும் நாட்டின் நிலவரமே மாறிவிட்டது. வீட்டு மருமகள் கழிப்பறைக்குள் போகிறாள், மாமனார் வயல் பக்கம் போகிறார் என்பது, ஒரு வீட்டுக்குள் பல பயனாளர்கள் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே யோசித்த குழுவுக்கு மட்டுமே தெரிய வந்தது. பேருந்துக்குள் அறுபது பேர் ஒளிந்திருந்ததைப் போலவே இங்கே வீட்டுக்குள் ஐந்து பேர் ஒளிந்திருந்தார்கள்.

இதற்கு முதலில் வரும் எதிர்வாதம் வேகம். சந்தை காத்திருக்காது, திட்டம் தீட்ட மாதக்கணக்கில் உட்கார்ந்தால் போட்டிக்காரர் முந்திவிடுவார், ஐந்து பேரைக் கேட்டால் போதும் என்று நிபுணர்களே சொல்லியிருக்கிறார்கள் என்பார்கள். அந்த ஐந்து பேர் கணக்கின் மூலம் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை. ஓர் இணையதளத்தின் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதத்தை ஐந்து பேரைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்றார் அவர். அதே கட்டுரையில், பயனாளர்கள் ஒன்றுக்கொன்று வேறான கூட்டங்களாக இருந்தால் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் தனித்தனியாக ஆட்களை எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். முதல் பாதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியை வசதியாக மறந்துவிட்டார்கள். கூட்டங்கள் எத்தனை, அவை எங்கே பிரிகின்றன என்பதைத் தீர்மானிக்காமல் ஐந்து என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. திரையில் ஒரு பொத்தான் கண்ணில் படுகிறதா என்று பார்க்க ஐந்து பேர் போதும். ஒரு நகரம் யாருக்குச் சாலை ஒதுக்க வேண்டும், ஒரு கட்டணச் செயலியில் படிக்கத் தெரியாதவர் எப்படிப் பணம் அனுப்புவார் என்ற கேள்விகளுக்கு அது போதாது. மாதக்கணக்கும் தேவையில்லை. எந்த முடிவுக்காக ஆய்வு, அந்த முடிவால் யார் யார் தொடப்படுவார்கள், எது அலகு, எந்த விடை வந்தால் நாம் மனதை மாற்றிக்கொள்வோம் என்ற நான்கையும் எழுதிக்கொள்ள ஒரு நல்ல பகல்பொழுது போதும். தில்லி செலவழித்தது எட்டு ஆண்டுகள். கட்டவும் பணம், இடிக்கவும் பணம்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. இப்படி முன்கூட்டியே பயனாளரையும் அலகையும் முடிவு செய்வது, விடையையும் முன்கூட்டியே முடிவு செய்வதாகாதா? ஆய்வாளர் வெறும் மனதோடு களத்துக்குப் போக வேண்டாமா? நேர்மையான கேள்வி இது. ஆனால் வெறும் மனம் என்று ஒன்று கிடையாது. முடிவு செய்யாமல் போகிறவரும் முடிவோடுதான் போகிறார். அது அவருக்கே தெரியாது என்பதுதான் வேறுபாடு. வண்டிகளை எண்ணும் கருவியைக் கையில் எடுத்தவர் தன்னை நடுநிலையாளர் என்றுதான் நினைத்திருப்பார். எழுதி வைத்த அனுமானத்தை இன்னொருவர் படிக்கலாம், தவறு என்று சொல்லலாம், ஆய்வு முடிந்த பிறகு எடுத்துவைத்துக் கேள்வி கேட்கலாம். எழுதாத அனுமானத்தை யாராலும் தொட முடியாது. எந்த விடை வந்தால் எங்கள் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்று முன்பே காகிதத்தில் போட்டுவிட்ட குழுவுக்குப் பிற்பாடு விடையை வளைப்பது கடினம். திட்டமிடல் ஆய்வாளரின் கையைக் கட்டுகிறது என்பது உண்மை. கட்ட வேண்டிய கை அது.

மூன்றாவதாக, கார் ஓட்டுகிறவரும் குடிமகன்தானே, அவர் வரி கட்டவில்லையா, அந்தத் தடம் உண்மையிலேயே மோசமாகத்தானே வடிவமைக்கப்பட்டிருந்தது என்று கேட்பார்கள். கார் ஓட்டுகிறவர் குடிமகன்தான். பேருந்தில் நிற்கிற அறுபது தலைகளோடு அவருக்கும் ஒரு தலை உண்டு. வடிவமைப்பில் குறைகள் இருந்தன என்பதையும் மறுக்க மாட்டேன். நிறுத்தங்களைச் சாலையின் நடுவே சந்திப்புகளுக்கு அருகில் வைத்ததால், ஏறவும் இறங்கவும் ஒவ்வொரு பயணியும் ஓடுகிற வண்டிகளைக் கடக்க வேண்டியிருந்தது. பேருந்து, கார், சைக்கிள், நடப்பவர் என்று தனித்தனிக் கட்டங்கள் சேர்ந்ததில் சிக்னல்கள் நீண்டன. தடத்துக்குள் எந்தப் பேருந்தும் நுழையலாம் என்று திறந்து வைத்ததால் ஒன்று பழுதானால் பின்னால் எல்லாம் நின்றன. 2009 அக்டோபரில் தொடங்கிய அகமதாபாத்தின் ஜன்மார்க் பேருந்துத் தடமோ தனக்கென்றே ஒதுக்கிய பேருந்துகளை மட்டும் விட்டது. ஆனால் இந்தக் குறைகளின் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றால் அவதிப்பட்டவர் பேருந்துப் பயணி. சாலை கடக்க உயிரைப் பணயம் வைத்தவர் அவர். அவரை அலகாக வைத்து ஆய்வு நடந்திருந்தால் நிறுத்தத்தை எங்கே மாற்றுவது, கடக்கும் இடத்தை எப்படிக் காப்பது, சிக்னலை எப்படிச் சுருக்குவது என்று கேள்விகள் பிறந்திருக்கும். பொது விவாதமோ இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்ற இரண்டே கேள்விகளில் அடைபட்டுக் கிடந்தது. எடுத்துவிட்டால் யாருக்கு நல்லது என்பது, யாரை எண்ணினோம் என்பதைப் பொறுத்தது.

வேறு வழி இருக்கிறது என்பதற்கும் தில்லியிலேயே சான்று உண்டு. ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு நகரத்தில் பாதுகாப்புத் தணிக்கை நடைகளை நடத்தி வந்திருக்கிறது. டொராண்டோவில் 1980களின் இறுதியில் உருவான முறை அது. காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை எண்ணி இந்தப் பகுதி பாதுகாப்பானது, அந்தப் பகுதி ஆபத்தானது என்று வரைபடம் போடலாம். ஆனால் சீண்டலுக்கு ஆளாகிற பெண்களில் காவல் நிலையம் வரை போகிறவர் எத்தனை பேர்? ஆகவே அந்தப் பகுதியில் நடமாடுகிற பெண்களையே ஆய்வுக் குழுவில் சேர்த்து, இருட்டிய பிறகு அந்தத் தெருக்களில் நடந்து, விளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா, ஆள் நடமாட்டமும் கடையும் உண்டா, கூப்பிட்டால் யாருக்காவது கேட்குமா என்று குறித்துக்கொண்டார்கள். இந்த அனுபவத்தின் மேல்தான் 2013இல் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் சேஃப்டிபின் என்ற செயலியைத் தொடங்கினார்கள். இதில் என்னைக் கவர்வது தொழில்நுட்பம் அல்ல. பயனாளர் வெறும் பதில் சொல்பவராக இல்லாமல், எதை அளப்பது என்று தீர்மானிக்கிற மேசையிலும் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் கேட்குமா என்பது எந்த நிபுணரின் பட்டியலிலும் தானாக முளைக்கிற கேள்வி அல்ல. இருட்டில் தனியாக நடந்தவர் மேசையில் இருந்தால்தான் அது வரும். இவர்கள் இயக்கக்காரர்கள், நடுநிலையானவர்கள் அல்ல என்று ஒதுக்கிவிடுகிறவர்கள், காரில் வந்து கூட்டத்தில் உட்கார்ந்தவர்களின் நடுநிலையை மட்டும் ஏன் கேள்வி கேட்பதில்லை என்பதை யோசிக்க வேண்டும்.

ஆய்வுக் குழுவை வழிநடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த திட்டத்தின் முதல் கூட்டத்தில் கேள்வித்தாளைத் திறக்காதீர்கள். இந்த முடிவால் தொடப்படப் போகிறவர்களை ஒரு தாளில் எழுதுங்கள்: ஓட்டுகிறவர், ஏறுகிறவர், கடக்கிறவர், சைக்கிளில் போகிறவர், போக வழியில்லாமல் வீட்டில் இருந்துவிடுகிறவர். எழுதியபின் அறையைச் சுற்றிப் பாருங்கள். அந்தத் தாளில் இருப்பவர்களில் எத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒருவரும் இல்லையென்றால், அவர்களில் சிலரை அழைத்து உட்கார வைத்த பிறகு கூட்டத்தைத் தொடங்குங்கள்.